ஈற்றில் நில்லா மெய்கள்: டோல்கீன் செய்த மொழிகளின் ஒலியும் இலக்கணமும்

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலோடு அச்சான நிலப்படத்தில் அமொன் ஹென் என்றொரு குன்று இருக்கிறது. பக்கத்திலேயே எமின் முயில் என்ற குன்றுத்தொடர். கதையின் வேகத்தில் போகிறவர் இரண்டையும் வெறும் ஊர்ப்பெயராக நினைத்துத் தாண்டிவிடுவார். கொஞ்சம் நின்று பார்த்தால் அமொன் என்பது ஒருமை, எமின் அதன் பன்மை என்பது தெரியவரும். அதே படத்தில் நீல மலைகளின் பெயர் எரெத் லுயின்; தீ கக்கும் மலையின் பெயர் ஒரொத்ருயின். மலை என்றால் ஒரொத், மலைகள் என்றால் எரெத். 'கள்' போன்ற விகுதி எதுவும் வந்து ஒட்டவில்லை. சொல்லுக்குள் இருக்கும் உயிரெழுத்துகளே மாறியிருக்கின்றன.

ஏன் மாறின என்பதற்கான விடை டோல்கீனின் கையெழுத்துக் குறிப்புகளில் இருக்கிறது. ஆதியில் இந்தச் சொற்களின் பன்மைக்கு ஈகார விகுதி ஒன்று இருந்தது. அது தனக்கு முன்னால் இருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்தது. அகரம் எகரத்தின் பக்கம் நகர்ந்தது, ஒகரமும் தன் இடத்தை விட்டது. பிறகு விகுதி தேய்ந்து மறைந்துபோனது. அது இழுத்த இழுப்பு மட்டும் சொல்லில் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' பன்மையில் 'ஃபீட்' ஆவதற்கும் இதுவே காரணம். வேறுபாடு ஒன்றுதான்: ஆங்கிலத்தில் அந்த மாற்றம் உண்மையில் நடந்தது. டோல்கீனின் மொழியில் அது ஒருநாளும் நடக்கவில்லை. பேசியவர் எவருமில்லாத ஒரு மொழிக்கு, நடக்காத ஒரு வரலாற்றை எழுதி, அந்த வரலாறு விட்டுச்சென்ற தழும்பை மட்டும் படத்தில் காட்டியிருக்கிறார்.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) தொழிலால் மொழியறிஞர். 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் சொல் வரலாறு எழுதியவர். ஒலி மாற்றங்கள் மனம்போன போக்கில் நடப்பதில்லை, விதிப்படிதான் நடக்கின்றன என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழியியலின் கொள்கையை ஜோசஃப் ரைட் என்ற ஆசிரியரிடம் நேரடியாகக் கற்றவர். அந்தக் கல்வியை அவர் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்தினார். பகலில் பழைய ஆங்கிலம் நடத்தினார். மீதி நேரத்தில், 1915 அளவில் தொடங்கி இறக்கும்வரை, தன் கற்பனை இனமான எல்ஃபுகளுக்கு மொழி செய்தார். 1931இல் ஒரு சொற்பொழிவில் இந்தப் பழக்கத்தைத் தன் இரகசியக் கெட்ட பழக்கம் என்றே குறிப்பிட்டார். நாவல் புகழ்பெற்ற பிறகு, கதைக்காக மொழிகள் பிறக்கவில்லை, மொழிகளுக்கு வாழ ஓர் உலகம் வேண்டியிருந்ததால்தான் கதைகள் வந்தன என்று கடிதம் எழுதினார். பலர் இதை எழுத்தாளனின் மிகைப்பேச்சு என்று ஒதுக்குவதுண்டு. காலவரிசை அவர் பக்கம்தான் இருக்கிறது: முதல் சொற்பட்டியல் 1915ஐ ஒட்டியது, நாவல் வெளிவந்தது 1954–55இல்.

அவர் செய்தவற்றுள் முழுமையோடு வளர்ந்தவை இரண்டு. க்வென்யா எல்ஃபுகளின் செவ்வியல் மொழி. சடங்குக்கும் பாட்டுக்கும் உரியது. சிண்டரின் அவர்களின் பேச்சுமொழி. முதலாவதன் பின்னால் ஃபின்னிஷ் இருக்கிறது. மாணவராக இருந்தபோது எக்ஸெட்டர் கல்லூரி நூலகத்தில் ஒரு ஃபின்னிஷ் இலக்கண நூல் கைக்குக் கிடைத்தது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரம் அதில் போயிற்று. இரண்டாவதன் பின்னால் வெல்ஷ். சிறுவயதில் நிலக்கரி ஏற்றிப்போன ரயில் பெட்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப்பெயர்கள் அவரை ஈர்த்தன.

ஃபின்னிஷிலிருந்து அவர் சொற்களை அள்ளிக்கொண்டார் என்று பலர் எழுதுகிறார்கள். அள்ளியது மிகச் சில. அவர் எடுத்துக்கொண்டது தடைகளை. ஃபின்னிஷின் சொந்தச் சொற்களில் ஈற்றில் நிற்கும் மெய்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை: த், ஸ், ந், ல், ர். க்வென்யாவிலும் ஈற்றில் தனியாக நிற்கும் மெய்கள் இதே ஐந்துதான். ககரமோ பகரமோ மகரமோ க்வென்யாச் சொல்லின் ஈற்றில் வராது. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் இடித்துக்கொண்டு நிற்பது அபூர்வம். ஒரு மொழி நம் காதில் இனிக்கிறதா உறுத்துகிறதா என்பதை அதில் இருக்கும் ஒலிகளைவிட அது விலக்கும் ஒலிகளே தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம். க்வென்யாவின் இனிமை என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த விலக்குகளால் வந்தது.

தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. பவணந்தியார் நன்னூலில் மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்றும் இறுதியில் வருபவை 24 என்றும் கணக்கிட்டு, எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்பதற்கும் நூற்பா செய்தார். மேற்கத்திய மொழியியலாளர் ஒரு மொழியின் ஒலியமைப்பு விதிகள் என்று சொல்வது இதைத்தான். டோல்கீனுக்குத் தமிழோடு தொடர்பு எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் க்வென்யாவின் விதிகளைப் புரிந்துகொள்ள ஆங்கில வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு வசதி அதிகம்.

ஓர் உதாரணம். 'பந்து', 'அம்பு', 'அங்கே' ஆகிய சொற்களில் த, ப, க ஆகியவை அதிர்வோடு ஒலிக்கின்றன. 'தலை', 'பல்', 'கல்' என்பவற்றில் அதிர்வு இல்லை. தமிழ்ச் சொல்லின் முதலில் அதிர்வுள்ள வல்லினம் வராது, மெல்லினத்தை அடுத்து வரும். க்வென்யாவிலும் சொல்முதலில் அதற்கு இடமில்லை. மெல்லினத்தை அடுத்து வரலாம். ல், ர் ஆகியவற்றுக்குப் பின் தகரத்துக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. குன்றுக்கு க்வென்யாச் சொல் 'அம்பொ'. இதில் பகரத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இந்தத் தடைக்கும் டோல்கீன் ஒரு வரலாறு வைத்திருந்தார். மூதாதை மொழியில் சொல்முதலில் அதிர்வுள்ள வல்லினங்கள் இருந்தன. க்வென்யாவாக மாறும்போது அதிர்வுள்ள பகரம் வகரமானது. ககரம் அப்படியே உதிர்ந்தது. மரத்தைக் குறிக்கும் 'கலதா' என்ற ஆதிச்சொல் முதலெழுத்தை இழந்து, நடு அகரத்தையும் இழந்து, 'அல்த' என்று நின்றது. சிண்டரின் அந்த ககரத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஈற்றுயிரை இழந்தது; அங்கே மரம் 'கலத்'. அக்கா தங்கை மொழிகள் ஒவ்வொன்றும் வேறுவேறு இடத்தில் தேய்ந்திருக்கின்றன.

மனிதன் என்ற சொல்லில் இது இன்னும் தெளிவு. க்வென்யாவில் 'அதன்', நடுத் தகரத்தைத் 'தலை'யில் சொல்வதுபோல் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிண்டரினிலும் 'அதன்', ஆனால் இங்கே தகரம் நாம் 'அது' என்று சொல்லும்போது மெலிவதைப்போல மெலிந்துவிட்டது. ரோமன் எழுத்தில் இரண்டும் வேறு. தமிழ் எழுத்தில் ஒன்று. உயிர்களுக்கு நடுவே வல்லினத்தை மெலிப்பது தமிழரின் இயல்பான பழக்கம் என்பதால் நம் எழுத்து அதைத் தனியே காட்டுவதில்லை. சொல்முதலில் நம் வாய் க்வென்யாக்காரர் வாய். சொல்நடுவில் சிண்டரின்காரர் வாய். பன்மைக்கு வந்தால் இரு மொழிகளும் பிரிந்துவிடும். க்வென்யா விகுதியைக் காத்து 'அதனி' என்கிறது. சிண்டரின் விகுதியைத் தொலைத்து, அதன் இழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு 'எதைன்' என்கிறது. எமின், எரெத் ஆகியவற்றில் கண்ட அதே தழும்பு.

சொல்லழுத்தத்துக்கு விதி எளிது. ஈற்றயலசை நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே விழும். இல்லையென்றால் அதற்கு முந்திய அசையில். லத்தீனின் விதியும் இதுவே. எனவே இசில்துர் என்ற பெயரில் 'சில்' உரக்க ஒலிக்கும், ஒரொமெ என்பதில் முதல் அசை. சீர் பிரித்துப் பழகியவர்கள் நாவலின் பின்னிணைப்பைப் பாராமலே பெரும்பாலான பெயர்களைச் சரியாக உச்சரித்துவிடலாம்.

இலக்கணத்தில் க்வென்யா ஒட்டுநிலை மொழி. 1960களின் நடுவில் ஒரு வாசகருக்காக டோல்கீன் எழுதிய வேற்றுமை வாய்பாட்டில் கப்பலைக் குறிக்கும் 'கிர்ய' என்ற சொல் முழுதாக விரிந்து நிற்கிறது. கிர்யன்ன, கப்பலுக்கு, அதாவது கப்பலை நோக்கி. கிர்யல்லொ, கப்பலிலிருந்து. கிர்யஸ்ஸெ, கப்பலில். கிர்யநென், கப்பலால். இடப்பொருளுக்கான 'ஸ்ஸெ' உருபைப் பார்த்ததும் ஃபின்னிஷ் தெரிந்தவர் சிரிப்பார்; அங்கே வீடு 'தலொ', வீட்டில் 'தலொஸ்ஸ'.

ஆனால் நகல் என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ஃபின்னிஷில் 'என் வீட்டில்' என்பது தலொஸ்ஸனி: வீடு, இல், என் என்ற வரிசை. வேற்றுமை உருபு முதலில், உடைமை விகுதி பிறகு. க்வென்யாவில் 'உன் பாதைமேல்' என்பது தியெல்யன்ன: பாதை, உன், மேல். வரிசை தலைகீழ். உருபு கடைசியில் நிற்கிறது, நம் 'பாதையில்' என்பதில் நிற்பதைப்போல. டோல்கீன் ஃபின்னிஷிடமிருந்து ஒட்டும் முறையைக் கற்றார். ஒட்டும் வரிசையைத் தன் விருப்பப்படி அமைத்தார்.

எண்ணில் அவர் இன்னும் தாராளம். ஒருமை கிர்ய, பன்மை கிர்யர். பலவற்றுள் சிலவற்றைக் குறிக்கத் தனியாகக் கிர்யலி. இரண்டு கப்பல்களுக்குக் கிர்யத். இந்த இருமை ஃபின்னிஷில் இல்லை. வடமொழியில் உண்டு, பண்டைக் கிரேக்கத்தில் உண்டு, அவர் வகுப்பில் நடத்திய பழைய ஆங்கிலத்தின் மறுபெயர்களிலும் உண்டு. தமிழ் இலக்கணம் ஒருமை பன்மையோடு நிறுத்திக்கொண்டதால் இந்த இடத்தில் நாமும் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் நமக்கு ஆதாயம். க்வென்யாவில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இந்த வேறுபாட்டைப் பிடிக்கச் சிரமப்படுவார். தமிழ்க் குழந்தை நான்கு வயதில் பிடித்துவிடும். நாவலின் முதல் தொகுதியில் ஃப்ரோதோ என்ற கதைநாயகன் காட்டில் எதிர்ப்பட்ட கில்தோர் என்ற எல்ஃபுக்கு க்வென்யாவில் முகமன் கூறுகிறான். நம் சந்திப்பின் வேளையில் விண்மீன் ஒளிர்கிறது என்ற பொருள்பட்ட வாழ்த்து. 1954இல் வந்த பதிப்பில் 'நம் சந்திப்பின்' என்பதற்கு ஒமென்தியெல்மொ என்று அச்சாகியிருந்தது. பின்னாளில் வந்த திருத்திய பதிப்பில் அது ஒமென்தியெல்வொ ஆனது. ஓர் எழுத்துதான் வேறுபாடு. இடையில் டோல்கீன் மறுபெயர் விகுதிகளை மாற்றியமைத்திருந்தார். முன்பு கேட்பவரையும் சேர்த்துக்கொண்ட 'ல்ம' இப்போது அவரை விலக்கும் விகுதியாகிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் ஃப்ரோதோ எதிரில் நிற்பவரிடமே 'எங்கள் சந்திப்பு' என்று சொன்னதாகியிருக்கும். இலட்சக்கணக்கானோர் படிக்கும் நாவலில், அவர்களுள் ஒருவரும் கவனிக்காத விகுதி ஒன்றுக்காக அச்சுக் கோப்பையே மாற்றச் செய்த எழுத்தாளர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

சிண்டரினுக்கு வருவோம். இங்கே வேற்றுமை உருபுகளின் ஆரவாரம் இல்லை. அதற்குப் பதில் சொல்லின் முதலெழுத்து நிலையாக நிற்பதில்லை. சுட்டு முன்னால் வந்தால், சில இடைச்சொற்கள் முன்னால் வந்தால், வல்லினம் மெலியும்: 'பல்'லின் பகரம் 'அம்பு'வின் பகரமாகும், அதிர்வுள்ள பகரமும் மகரமும் வகரமாகும், அதிர்வுள்ள ககரம் காணாமல் போகும். இது வெல்ஷ் மொழியின் மெலிதல் விதியேதான். வெல்ஷில் பாலம் 'பொந்த்'. சுட்டு சேர்ந்ததும் பகரம் அதிரத் தொடங்கும். காரணமும் ஒன்றே: இரண்டு உயிர்களுக்கு நடுவில் அகப்பட்ட மெய் சொல்லெல்லை பாராமல் மெலிந்தது; பிறகு அந்த உயிர்கள் மறைந்தன, மெலிவு இலக்கணமாகிவிட்டது. நம் புணர்ச்சியில் நடப்பது இதற்கு எதிர்த்திசை. 'அந்த' என்ற சுட்டுக்குப் பின் 'பாலம்' வந்தால் வலி மிகுந்து அந்தப் பாலம் ஆகும். ஒரே இடத்தில் ஒரு மொழி மெலிகிறது, மற்றது இரட்டிக்கிறது.

சிண்டரின் என்ற பெயரே தாமதமாக வந்தது. 1930களில் இந்த வெல்ஷ் சாயல் மொழி நோல்தோரின் எனப்பட்டது. கடல்கடந்து போய்த் திரும்பிய நோல்தோர் என்னும் கிளையினரின் மொழி. நாவலை அச்சுக்குத் தயாரித்த காலத்தில்தான் டோல்கீன் உரிமையாளரை மாற்றினார்: இது கடல் கடக்காமல் அங்கேயே தங்கிவிட்டவர்களின் மொழி, திரும்பிவந்த நோல்தோர் அதைக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்களின் பேச்சு இத்தனை தூரம் விலகுமா என்ற கேள்விக்கு இதுவே பொருத்தமான விடை. இலக்கணம் இருந்த இடத்தில் இருந்தது. அதற்கேற்ப இனங்களின் வரலாறு திருத்தப்பட்டது.

ஒலிக்காகக் கதையை வளைத்ததன் உச்சம் 1968இல் எழுதி, 1996இல்தான் அச்சான ஒரு கட்டுரை. ஆங்கிலத்தில் நன்றி சொல்லும் சொல்லின் முதலொலி பழைய க்வென்யாவில் இருந்தது. பின்னாளில் நோல்தோர் வாயில் அது ஸகரமாகிவிட்டது. டோல்கீன் தன் தொடக்ககாலப் பட்டியல்களில் இதை ஒரு சாதாரண ஒலி மாற்றமாகக் குறித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ அதை ஒரு குடும்பச் சண்டையாக்கினார். அரசி மீரியெலின் பட்டப்பெயர் தெரிந்தெ. தையல் வேலையில் தேர்ந்தவள் என்று பொருள். புதிய உச்சரிப்பில் அது ஸெரிந்தெ ஆகிவிடும். தன் பெயரைப் பழைய ஒலியோடுதான் சொல்ல வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவள் இறந்தபின் அரசன் மறுமணம் செய்துகொண்டான். வந்த இளையாள் ஊரோடு ஒத்துப் புதிய ஒலியில் பேசினாள். மூத்தாளின் மகன் ஃபியனோர் அதைத் தன் தாய்க்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொண்டான். அவன் பக்கத்தார் பழைய ஒலியையே பேசினார்கள். யார் எந்த ஒலியைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். ழகரத்துக்காக வகுப்பறையில் பிரம்படி வாங்கிய தலைமுறைக்கு ஃபியனோர்மேல் கொஞ்சம் அனுதாபம் வரலாம்.

இந்தச் சண்டையின் சுவடு நாவலிலேயே இருக்கிறது. டோல்கீன் வரைந்த தெங்வார் எழுத்துகளின் அட்டவணையைப் பின்னிணைப்பு ஈயில் பாருங்கள். மூன்றாம் வரிசையின் முதலெழுத்துக்கு ஸூலெ என்றும் தூலெ என்றும் இரண்டு பெயர்கள். பழைய ஒலி ஒன்று, புதிய ஒலி ஒன்று. இரண்டாம் வரிசை எழுத்துகளின் பெயர்கள் அந்தொ, உம்பர், அங்க, உங்வெ. க்வென்யாவில் அதிர்வுள்ள வல்லினத்துக்குத் தனி வாழ்வில்லை என்பதால் அந்த எழுத்துகள் 'ந்த்', 'ம்ப்', 'ங்க்' போன்ற கூட்டொலிகளையே குறிக்கின்றன. நெடுக்கில் பிறப்பிடம், கிடையில் ஒலிக்கும் முறை என்று இந்திய எழுத்துகளின் வர்க்க முறையை ஒத்த அமைப்பு. உயிர்களும் க்வென்யாவில் முந்திய மெய்யின் தலைமேல் குறியாக ஏறுகின்றன. உயிர்மெய் எழுதுகிறவருக்கு இதிலும் வியப்பில்லை.

இவ்வளவு சொன்னபின், இந்த மொழிகளைப் பேச முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே நேர்மையான பதில். டோல்கீன் எதையும் முடித்து வைக்கவில்லை. மறுபெயர் விகுதிகளைத் திரும்பத் திரும்பக் கலைத்துப்போட்டார். அன்றாடச் சொற்கள் பல இல்லை. 2001 முதல் 2003 வரை வந்த திரைப்படங்களில் பாத்திரங்கள் சிண்டரினில் உரையாடுவதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் கேட்டது டேவிட் சாலோ என்ற மொழியியலாளர் இட்டுநிரப்பிய சிண்டரின். அதில் டோல்கீன் பாதி, ஊகம் பாதி. பேசத்தக்க மொழி வேண்டுமென்றால் க்ளிங்கானிடம் போகலாம். 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காக மார்க் ஒக்ராண்ட் செய்த அந்த மொழிக்கு 1985இலேயே அகராதி வந்துவிட்டது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற அரிய வரிசையை வேண்டுமென்றே அதற்குக் கொடுத்தார், அந்நியமாக ஒலிக்கட்டும் என்று. நம் பக்கத்தில் 2015இல் 'பாகுபலி'யின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி செய்தார். அதன் வேலை போர்க்களத்தில் அச்சமூட்டுவது, அதைச் செய்தது. இவை திரைக்காகப் பிறந்த மொழிகள். எமினின் உயிரில் இருப்பதைப்போல ஆயிரம் ஆண்டுத் தேய்மானம் அவற்றில் இருக்க வேண்டியதுமில்லை.

தமிழில் இன்று கற்பனை உலகங்கள் எழுதுவோர் பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாந்தர்களுக்கு மொழி செய்யும்போது வாய்க்கு வந்த சொற்களைக் கோத்துப் பட்டியல் போடாதீர்கள். அந்த மொழியில் எந்த மெய் ஈற்றில் நிற்காது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அதன் பாட்டி மொழியில் ஐம்பது சொற்கள் எழுதி, மூன்று நான்கு ஒலிவிதிகளை விலக்கின்றி அவற்றின்மேல் ஏவிப் பாருங்கள். மிஞ்சுவதை ஊர்ப்பெயராக வையுங்கள். பயிற்சிக்கு நன்னூலின் எழுத்ததிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.